ஸ்டிக்கரில் பெயர் இருக்கும், வாட் இருக்காது: கேமிங் லேப்டாப் தள்ளுபடிகளும் கிராபிக்ஸ் சோதனையின் ஆபத்துகளும்

கேமிங் லேப்டாப்பின் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் சிப்தான். அந்தச் சிப் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு: அதற்கு எத்தனை வாட் மின்சாரம் தரப்படுகிறது, அந்த மின்சாரம் கிளப்பும் வெப்பம் எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது. பண்டிகைக்கால விளம்பரங்களில் சிப்பின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். வாட் கணக்கு விவரப் பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கும். பல நேரம் இருக்கவே இருக்காது.

தள்ளுபடியின் சூட்சுமம் இந்த இடைவெளியில் இருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் இயக்க லேப்டாப் நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் அடக்கப்பட்டதும், இரண்டு பெரிய ஃபேன்களோடு முழு வாட்டில் ஓடுவதும் ஒரே ஸ்டிக்கரோடுதான் கடைக்கு வருகின்றன. வாங்குபவர் பத்தாயிரம் ரூபாய் மிச்சப்படுத்திவிட்டதாக நினைக்கிறார். உண்மையில் அந்தச் சிப்பின் திறனில் கணிசமான பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

மேசைக் கணினியில் போடும் கார்டும் லேப்டாப் சிப்பும் ஒரே எண்ணைத் தாங்குவது இன்னொரு குழப்பம். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 16,384 கணக்கீட்டுக் கருக்களும் 24 ஜிபி நினைவகமும் உண்டு. 450 வாட் வாங்கும். லேப்டாப்பில் அதே 4090 என்ற பெயரில் வருவதில் 9,728 கருக்கள், 16 ஜிபி, அடிப்படையாக 150 வாட் வரை. இரண்டும் வேறு வேறு சிப்கள். 4070-இலும் இதே கதைதான்: மேசைக் கார்டில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 2050 என்ற மலிவு விலைச் சிப் இன்னும் விசித்திரமானது. பெயர் 20 வரிசையைச் சொல்கிறது, உள்ளிருப்பது 30 வரிசையின் ஆம்பியர் கட்டமைப்பு, நினைவகம் 4 ஜிபி மட்டுமே. இன்றைய பெரிய விளையாட்டுகளுக்கு அந்த 4 ஜிபி போதாது. 'ஆர்டிஎக்ஸ்' என்ற சொல்லை மட்டும் நம்பி, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காகப் பெற்றோர் இதை வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஒரு காலத்தில் இதற்கு அடையாளம் இருந்தது. குறைந்த வாட்டில் ஓடும் சிப்களின் பெயரோடு 2017 முதல் 'மேக்ஸ்-க்யூ' என்ற ஒட்டு சேர்ந்து வந்தது. 2021 ஜனவரியில் 30 வரிசை லேப்டாப்கள் வந்தபோது அந்த ஒட்டு பெயரிலிருந்து உதிர்ந்தது. கண்டனம் எழுந்த பின், வாட் அளவைத் தயாரிப்புப் பக்கங்களில் குறிப்பிடும்படி நிறுவனங்களை என்விடியா கேட்டுக்கொண்டது. ஆனால் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் அந்த எண், ஆன்லைன் கடையின் பக்கத்துக்கு வந்து சேர்வது அபூர்வம். தேடிப் பார்க்க வேண்டிய எழுத்துகள் 'டிஜிபி', அதாவது மொத்த கிராபிக்ஸ் வாட். மாடலின் முழு எண்ணைக் கொண்டு நிறுவனத் தளத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். லேப்டாப் கையில் வந்துவிட்டால், என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பகுதியிலேயே அதிகபட்ச கிராபிக்ஸ் வாட் எழுதப்பட்டிருக்கும்.

விலையைக் குறைக்கக் கத்தி வைக்கப்படும் மற்ற இடங்கள் திரையும் ரேமும் சார்ஜரும். நிறப்பரப்பு '45 விழுக்காடு என்டிஎஸ்சி' என்று குறிப்பிட்ட திரை என்றால் நிறங்கள் வெளிறித் தெரியும். ரேம் ஒரே ஸ்டிக்காக வந்தால் நினைவகத்தின் வேகம் பாதியாகும். விளையாட்டில் அது உடனே தெரியும். இரண்டாவது ஸ்டிக்கைப் பிறகு வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்பதால் இது மன்னிக்கக்கூடிய குறை. திரையையும் வாட் அளவையும் அப்படிப் பிறகு மாற்ற முடியாது.

தவணையின் கணக்கு

எம்ஆர்பியிலிருந்து 40 விழுக்காடு தள்ளுபடி என்ற வாசகத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அந்த எம்ஆர்பிக்கு அந்த லேப்டாப் பெரும்பாலும் ஒருநாள்கூட விற்றிருக்காது. கடந்த சில மாதங்களில் அது விற்ற விலைதான் ஒப்பிட வேண்டிய விலை. புதிய சிப் வரிசை அறிவிக்கப்பட்ட பிறகு பழைய வரிசைக்குக் கிடைக்கும் விலைக்குறைப்பு மட்டும் உண்மையானது. 2025 ஜனவரியில் 50 வரிசை லேப்டாப் சிப்கள் அறிவிக்கப்பட்ட பின் 40 வரிசைக்கு நடந்தது அதுதான்.

வட்டியில்லாத் தவணை என்று விற்கப்படுவதில் வட்டி உண்டு. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த ஏற்பாட்டில், வட்டிக்குச் சமமான தொகையைக் கடையோ நிறுவனமோ முன்கூட்டியே விலையில் கழித்துவிடும். வங்கி தன் வட்டியை வழக்கம்போல் வசூலிக்கும். ரூ.84,000 விலையுள்ள லேப்டாப்பை மாதம் ரூ.7,000 வீதம் 12 தவணையில், 15 விழுக்காடு வட்டிக்கு எடுத்தால், கடன் தொகை ஏறக்குறைய ரூ.77,555 என்றும் வட்டி ரூ.6,445 என்றும் பிரியும். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது சுமார் ரூ.1,160, தவணைக்கு வெளியே சேரும். வங்கியின் செயல்முறைக் கட்டணம் தனி. தொகை பெரிதல்ல, ஆனால் 'இலவசம்' என்று நம்பியவருக்கு அட்டையின் பில் வரும்போதுதான் தெரியும்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும் விதியைத்தான் இதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும். பல லேப்டாப்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. ஏழு நாளுக்குள் குறை கண்டுபிடித்தால் மாற்றுப் பொருள் மட்டுமே. குறையை அந்த ஏழு நாளுக்குள் வெளியே கொண்டுவர என்ன செய்வது என்ற கேள்விக்கு விடைதான் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்.

கம்பளி வளையம்

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்பது கிராபிக்ஸ் சிப்பின் எல்லாக் கருக்களையும் இடைவெளியின்றி உழைக்க வைத்து, அது தடுமாறுகிறதா என்று பார்ப்பது. விளையாட்டில் ஒரு காட்சி கனமாக இருக்கும், அடுத்தது லேசாக இருக்கும். சிப்புக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இந்தச் சோதனையில் அது கிடையாது. கீக்ஸ்3டி வெளியிடும் ஃபர்மார்க் இவற்றில் மிகப் பிரபலம். அடர்ந்த ரோமம் போர்த்திய வளையம் ஒன்று திரையில் சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு ரோமத்துக்கும் நிழலும் நிறமும் கணக்கிட வேண்டியிருப்பதால், எந்த விளையாட்டும் இழுக்காத அளவு மின்சாரத்தை அது இழுத்துவிடும்.

சிப் தயாரிப்பாளர்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. 2008-இல் ரேடியான் தயாரிப்பாளரான ஏடிஐ தன் டிரைவரில், ஃபர்மார்க் என்ற பெயரைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. நிரலின் கோப்புப் பெயரை மாற்றியதுமே அந்தத் தடை விலகிவிட்டது. மறு ஆண்டு ஓசிசிடி என்ற சோதனை நிரல், ரேடியான் எச்டி 4870, 4890 கார்டுகளின் திரையை இருளச் செய்தது. மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி தன் எல்லையைத் தாண்டியதும் காப்புச் சுற்று கார்டை நிறுத்தியதுதான் காரணம். அதே ஆண்டில் வந்த எச்டி 5870-இல் அந்தக் காப்பு வன்பொருளுக்குள்ளேயே நுட்பமாக அமைந்தது. 2010 நவம்பரில் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 580, தனக்குள் வரும் மின்சாரத்தைத் தானே அளந்து, ஃபர்மார்க், ஓசிசிடி போன்றவற்றைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இன்றைய சிப்கள் எல்லாமே வாட், வெப்பம், மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் நொடிக்கு நொடி கண்காணித்து, எல்லை வந்ததும் தாமே வேகத்தைக் குறைப்பவை.

அப்படியானால் இன்று ஆபத்தே இல்லையா? உண்டு. சிப்பின் மையம் நன்றாகக் காக்கப்படுகிறது. அதைச் சுற்றியுள்ள விஆர்எம், நினைவகச் சில்லுகள், சாலிடர் இணைப்புகள், பேட்டரி ஆகியவற்றுக்கு அதே அளவு காவல் இல்லை. பல லேப்டாப்களில் விஆர்எம்மின் வெப்பத்தைப் பயனர் பார்க்கவே வழி கிடையாது. திரையில் 82 டிகிரி என்று தெரியும் எண் சிப்பினுடையது. பக்கத்தில் இருக்கும் பாகம் எத்தனை டிகிரியில் வேகிறது என்பதை அது சொல்வதில்லை.

முன்பு நடந்தவை

லேப்டாப் வரலாற்றில் இந்த ஆபத்துக்கு மிகப் பெரிய சாட்சி 2008-இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலையில், முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாவதாக அறிவித்த என்விடியா, பழுது நீக்கும் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. டெல், எச்பி, ஆப்பிள் லேப்டாப்கள் பாதிக்கப்பட்டன. சிப்பையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் நுண்ணிய சாலிடர் புள்ளிகளும், அவற்றைச் சுற்றி நிரப்பும் பசையும் வெப்ப ஏற்ற இறக்கத்தைத் தாங்கவில்லை. சூடாகும்போது சிப்பும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிகின்றன, ஆறும்போது சுருங்குகின்றன. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிவதுபோல் அந்தப் புள்ளிகள் விரிசல் விட்டன. திரையில் கோடுகள் தோன்றும், பிறகு படமே வராது.

டெல் அப்போது வெளியிட்ட தற்காலிகத் தீர்வு கவனிக்கத்தக்கது: ஃபேன் இன்னும் முன்னதாகவே சுழலும்படி பயாஸை மாற்றியது. வெப்பம் உச்சத்தைத் தொடுவது மட்டுமல்ல, ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும் கெடுதல் என்பதை இது காட்டுகிறது. 2011-ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோக்கள் சிலவற்றின் ரேடியான் சிப்களிலும் பழுது பரவலாகி, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. இந்த லேப்டாப்களை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அவற்றைச் சித்திரவதை செய்தவர்கள் அல்லர், சாதாரணமாகப் பயன்படுத்தியவர்கள்.

சோதனை நிரல் எதுவும் இல்லாமலே ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நடந்துவிடுவதும் உண்டு. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளியானபோது, விளையாட்டின் மெனு திரைகளில் நொடிக்கு இத்தனை படம்தான் என்ற வரம்பு இல்லை. வரைவதற்கு ஏறக்குறைய எதுவுமில்லாத காட்சியைக் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளிக் கொதித்தது. அமைப்புக் கோப்பில் வரம்பு வரிகளைச் சேர்க்கும்படி பிளிசார்ட் நிறுவனமே வழி சொன்னது.

பதினோர் ஆண்டு கழித்து அதே பிரச்சினை இன்னும் கடுமையாகத் திரும்பியது. 2021 ஜூலையில் அமேசானின் 'நியூ வேர்ல்ட்' விளையாட்டின் முன்னோட்டப் பதிப்பை ஆடியவர்களின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில அப்படியே செத்துப்போயின. ஒவ்வொன்றும் லட்ச ரூபாயைத் தாண்டிய கார்டு. தன் விளையாட்டு பாதுகாப்பானது என்று சொன்ன அமேசான், மெனுவுக்குப் பட வரம்பு போட்டு ஒரு திருத்தத்தையும் வெளியிட்டது. தான் தயாரித்த கார்டுகளில் பழுதானவற்றைத் திரும்பப் பெற்று எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்த ஈவிஜிஏ நிறுவனம், 2020-இல் தயாரான தொடக்கக்காலக் கார்டுகளில் சுமார் இரண்டு டஜனில், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட்டுகளைச் சுற்றிய சாலிடர் வேலை சரியில்லை என்று ஒப்புக்கொண்டு மாற்றுக் கார்டுகளை அனுப்பியது.

இந்த விவகாரத்தில் பழி யாருக்கு என்று நெடுநாள் சண்டை நடந்தது. சாட்சியங்களைப் பார்த்தால் ஒரு முடிவுக்குத்தான் வர முடிகிறது: நல்ல கார்டை ஒரு மெனு கொல்லாது, குறையோடு பிறந்த கார்டை அது முன்கூட்டியே கொன்றுவிடும். ஸ்ட்ரெஸ் டெஸ்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். புதிய லேப்டாப்பில், வாரண்டி இருக்கும்போது, அளவோடு செய்யும் சோதனை அதனால்தான் பயனுள்ளது. குறை இருந்தால் ஏழாம் நாளுக்கு முன் தெரிவது, பதின்மூன்றாம் மாதத்தில் தெரிவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

லேப்டாப்புக்கு மட்டும் உரிய தொல்லைகள்

மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி ஃபேன்களும் தனிக் காற்றோட்டமும் உண்டு. லேப்டாப்பில் சிபியுவும் கிராபிக்ஸ் சிப்பும் பெரும்பாலும் அதே செப்புக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு ஏற்றும் சோதனை, வீட்டில் யாரும் எப்போதும் செய்யாத வேலை ஒன்றை லேப்டாப்பிடம் கேட்பதாகும். அந்த இரட்டைச் சோதனையால் கிடைக்கும் தகவலும் குறைவு, தவிர்ப்பதே நல்லது.

சார்ஜர் இன்னொரு பலவீனம். கிராபிக்ஸ் 115 வாட்டும் சிபியு 60 வாட்டும் திரை, ஃபேன், சேமிப்பகம் ஆகியவை மீதியும் இழுத்தால், 180 வாட் சார்ஜர் திணறும். குறையும் மின்சாரத்தைச் சில லேப்டாப்கள் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி விழுக்காடு இறங்கினால் அதுதான் காரணம். சூட்டோடு சூடாக லித்தியம் பேட்டரியை இப்படிக் காலி செய்து நிரப்புவது அதன் ஆயுளைத் தின்னும். பேட்டரி ஏற்கெனவே உப்பியிருந்தால் எந்தச் சோதனையும் கூடவே கூடாது. கீழ்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருப்பதும் டச்பேட் அழுந்த மறுப்பதும் அதன் அறிகுறிகள்.

அறையின் வெப்பமும் கணக்கில் வரும். லேப்டாப்பின் குளிர்விப்பு, உள்வெப்பத்தை அறைக் காற்றுக்கு மாற்றுவதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பும் ஏறும். 24 டிகிரி ஏசி அறையில் 78-இல் நிற்கும் சிப், மே மாதச் சென்னையின் 37 டிகிரி மொட்டைமாடி அறையில் 90-ஐ எட்டப் பார்க்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல நிறுவனங்களின் கையேடுகளே இயக்க வெப்பநிலையின் மேல் எல்லையாக 35 டிகிரியைத்தான் குறிப்பிடுகின்றன. வெளிநாட்டு விமர்சகர் குளிர்ந்த அறையில் எடுத்த எண்களை நம் ஊரில் எதிர்பார்ப்பது சரியாகாது.

உண்மையான அழிவு பெரும்பாலும் வருவது சோதனையோடு சேர்த்துச் செய்யப்படும் அத்துமீறல்களால். மின்னழுத்தத்தை 10 விழுக்காடு கூட்டினால் சிப்பின் மின் செலவு 21 விழுக்காடு கூடும். மின் செலவு அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் இப்படி. இதைவிட மோசமானது, 60 வாட் லேப்டாப்புக்குள் 115 வாட் மாடலின் விபயாஸை (கிராபிக்ஸ் சிப்பின் அடிப்படை நிரல்) ஏற்றி வேகம் தேடுவது. 60 வாட்டுக்கென வடிவமைத்த விஆர்எம்மும் குளிர்விப்பும் அதைத் தாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஏற்றும்போது மின்சாரம் போனால் லேப்டாப் எழவே எழாது, வாரண்டியும் போய்விடும்.

அளவோடு சோதிக்கும் முறை

கெட்டியான மேசை, பின்பக்கம் சற்று உயர்த்திய நிலை, பெட்டியோடு வந்த சார்ஜர், பர்ஃபார்மன்ஸ் மோட். மெத்தையும் தலையணையும் காற்றுத் துளைகளை அடைக்கும். கோப்புகளைச் சேமித்து மற்ற நிரல்களை மூட வேண்டும். சோதனையின் நடுவில் லேப்டாப் அணைந்துபோனால் திறந்திருந்த வேலை போகும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு நிரலை ஓடவிட்டு, சிப்பின் வெப்பம், ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பம், வாட், கடிகார வேகம் ஆகிய நான்கையும் பார்த்தால் போதும்.

தொடங்க வேண்டியது ஃபர்மார்க்கில் அல்ல. 3டிமார்க்கின் கட்டணப் பதிப்பில் உள்ள டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட், ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, வேகம் கடைசிவரை 97 விழுக்காடு நிலையாக இருந்ததா என்று சொல்லும். நிஜ விளையாட்டை ஒத்த சுமை என்பதால் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். காசு செலவழிக்க விரும்பாதவர்கள் யூனிஜின் ஹெவனை அரை மணி நேரம் ஓடவிடலாம், அல்லது கனமான விளையாட்டு ஒன்றை ஆடியே பார்க்கலாம். ஃபர்மார்க் பத்து நிமிடம் போதும். விளம்பரத்தில் சொன்ன வாட் உண்மையில் கிடைக்கிறதா என்பதைக் காட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை: 115 வாட் என்று விற்ற லேப்டாப் சோதனை நெடுகிலும் 70-ஐத் தாண்டாவிட்டால், குளிர்விப்பு சரியில்லை அல்லது விளம்பரம் சரியில்லை. இரவு முழுக்க ஓட்டிவிட்டுத் தூங்கப் போவதில் எந்த அறிவும் இல்லை. முதல் இருபது நிமிடத்துக்குள் வெப்பம் ஒரு நிலையில் நின்றுவிடும், அதற்குப் பிறகு புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகமில்லை.

சிப் 75 முதல் 86 டிகிரிக்குள் நிலைத்து, ஹாட்ஸ்பாட் அதைவிட 10–15 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. இரண்டுக்கும் இடையே 25 டிகிரிக்கு மேல் இடைவெளி விழுந்தால், தெர்மல் பேஸ்ட் சரியாகப் பூசப்படவில்லை அல்லது ஹீட்சிங்க் சமமாக அழுந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். திரையில் வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ மின்னினால், கருகும் வாடை வந்தால், டிரைவர் திரும்பத் திரும்ப விழுந்தால், அந்த நொடியே நிறுத்த வேண்டும். முடிந்ததும் உடனே அணைக்காமல், ஃபேன் ஓடிச் சூடு தணியும்வரை சில நிமிடம் விடுவது நல்லது.

பழைய லேப்டாப் வாங்குபவர் நிலை வேறு. கிராபிக்ஸ் சிப்களைக் கொண்டு எதீரியம் கிரிப்டோ நாணயம் ஈட்டும் 'மைனிங்' 2022 செப்டம்பர் 15-இல் முடிவுக்கு வந்தபின், மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகளும் லேப்டாப்களும் பழைய சந்தைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் அதிகம் அடிபட்டிருப்பது நினைவகச் சில்லுகள். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ இப்படி ஒன்றை வாங்கும்போது, ஜிபியு-இசட் நிரலைத் திறந்து சிப்பின் பெயரும் நினைவக அளவும் சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். போலி என்று கண்டறிந்த கார்டை அந்த நிரலே குறித்துக் காட்டும். பிறகு விற்பவரின் ஒப்புதலோடு ஐந்து நிமிடச் சோதனை. தூசு அடைத்த, பேஸ்ட் காய்ந்த லேப்டாப்பை அதற்கு மேல் வாட்டுவது நியாயமல்ல. சோதனையில் அது இறந்தால் யார் பொறுப்பு என்ற தகராறுதான் மிஞ்சும். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிய பிறகு நீண்ட சோதனையை வைத்துக்கொள்ளலாம்.

புதிய லேப்டாப்பில் குறை தெரிந்தால் கண்காணிப்பு நிரலின் திரையை, தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து வைக்க வேண்டும். தயாரிப்புப் பக்கத்தில் வாட் அளவு எழுதியிருந்தால் அதையும் அன்றே சேமிக்க வேண்டும். சில வாரத்தில் அந்தப் பக்கம் மாறிவிடலாம். விற்றவரும் நிறுவனமும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். விற்றவரின் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. பொருளின் விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை.